இரட்டிப்பாக எண்ணிய வருஷங்கள்

மேஜர் துரைக்கு ஐந்து பதக்கம். அவர் அவற்றைக் கோட்டில் மாட்டிக்கொள்வது வருஷத்தில் இரண்டு தரமோ மூன்று தரமோதான். சனிக்கிழமை தோறும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, துணியால் ஒற்றி, கறுப்புப் பெட்டிக்குள் வரிசை பிசகாமல் வைத்தவர் அழகையா. புளி பட்டுப் பதக்கத்து ராசா முகம் தேய்ந்துவிடப் போகிறது என்று துரைசானி ஒருமுறை கடிந்துகொண்டார். தேயட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?

அழகையா பிறந்தது நமுனுகுல மலைச்சரிவில், துரை நடத்திய அதே தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், கூலிச் சனங்களின் வரிசை வீட்டில். பெற்றவர்கள் இருவரும் அந்தத் தேயிலைக்கே உரமாகிப் போனார்கள். அழகையா மட்டும் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போகாமல் பங்களா அடுப்படியில் ஏறி, கடைசியில் அப்பு ஆனார். சமையல், சாவி, துரையின் சட்டைப் பொத்தான் வரைக்கும் பொறுப்பு என்றால் அதற்குத் தோட்டத்தில் அப்பு என்று பேர். லயத்தில் அவருக்கு மரியாதை. பங்களாவில் அவருக்கு ஒரு மணிச்சத்தம்.

யுத்தம் வந்தது. துரைமாரெல்லாம் காக்கி உடுப்புக்குள் புகுந்துகொண்டார்கள். மேஜர் துரை எகிப்துக்குப் போனார். பெட்டி படுக்கையோடு அழகையாவையும் ஏற்றிக்கொண்டு போனார். பட்டாளத்தில் அழகையாவுக்குப் பேரும் கிடையாது, நம்பரும் கிடையாது. துரையின் ஆள், அவ்வளவுதான். நாலு வருஷம் கூடாரத்துக்குள் மணலோடு மணலாகச் சோறு வடித்தார், பூட்ஸ் துடைத்தார், துரைக்கு வயிற்றோட்டம் கண்டபோது பெற்ற தாயைப் போல அள்ளிக் கொட்டினார். தோட்டத்துச் சம்பளப் பதிவில் அவர் பேர் வெட்டுப்படாமலே இருந்தது. சம்பளத்தை மனைவி பெரியாயி வாங்கிக்கொண்டாள். கைக்குழந்தை ஒன்றைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததும் அந்த நாட்களில்தான். அழகையாவுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது குழியின் மேல் புல் முளைத்திருந்தது.

ஐந்தாவது பதக்கம் தபாலில் வந்தது ஐம்பதாம் வருஷம். பச்சை நாடா, நடுவே மஞ்சள் கோடு. அதற்கென்று ஒரு விருந்து. தட்டை ஏந்திக்கொண்டு நின்ற அழகையாவுக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் அத்தனை வருஷம் கேட்ட காதுக்கு எல்லாம் விளங்கும்.

"நீண்டகாலச் சேவைக்குத் தருவது இது," என்று பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் சொன்னார் மேஜர். "இருபது வருஷம் இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு இல்லை. ஆனால் யுத்தத்தில் இருந்த நாலு வருஷத்தையும் இரட்டிப்பாக, எட்டாக எண்ணிக்கொண்டார்கள்."

அழகையாவுக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பாவம் மனுசன். அந்த நாலில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய ஆயுத பூசையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பூசையன்று தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி, தொழிற்சாலை இயந்திரம், லொறி என்று தோட்டமே சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு நிற்கும். அழகையா அடுப்படிக் கத்தியைக் கழுவி வாழையிலையில் வைப்பார். பக்கத்தில் அந்த ஐந்து பதக்கத்தையும் வைப்பார். ஒவ்வொரு ராசா நெற்றியிலும் ஒரு பொட்டு. துரை பார்த்துவிட்டுச் சிரிப்பார், விட்டுவிடுவார். அந்தச் சிரிப்பை அழகையா ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

இதற்குள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, முன்னோர் கடல் தாண்டி வந்த தோட்டத்துச் சனங்களைப் பார்த்து, 'நீங்கள் எந்த நாட்டு ஆட்கள்?' என்று சட்டம் கேட்டது. பிரசாவுரிமை வேண்டுமானால் மனுப் போட வேண்டும். யுத்தம் முடிவதற்கு முந்திய ஏழு வருஷம் விடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் கடல் தாண்டியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. அழகையாவுக்கு அது வேண்டியிருந்தது, மகன் மாரிசாமிக்காக. படிப்பில் தேறியிருந்த அவனுக்குப் பதுளையில் அரசாங்க உத்தியோகம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தகப்பனுக்குப் பிரசாவுரிமை கிடைத்தால் மகனுக்கும் உண்டு. இல்லாவிட்டால் அவனும் லயம்தான், அவன் பிள்ளையும் லயம்தான்.

மனுவை எழுதிக் கொடுத்தவர் பெரிய கிளாக்கர் சரவணமுத்து. யாழ்ப்பாணத்து மனிதர், கறாரானவர், ஆனால் மனம் கெட்டவரில்லை. விசாரணைத் தேதி வந்ததும் அழகையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அழகையா, கேட்கிற கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லும். தோட்டத்திலை உம்மட பேர் ஒரு மாசமும் விடுபடேல்லை. அது காணும். எகிப்துக்குப் போன கதையை அங்கை எடுக்க வேண்டாம்."

"யுத்தத்துக்குத்தானங்கய்யா போனேன். திருடவா போனேன்?"

"எதுக்குப் போனாலும் போனதுதான். சொல்லிப்போட்டன்."

பெரியாயியும் அன்றிரவு அதையே சொன்னாள். "கிளாக்கரையா படிச்சவரு. அவரு சொல்றத கேளுங்க. ஒங்க பவுச எல்லாம் மூட்ட கட்டி வையுங்க."

கேட்டாரா? கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: துரை ஒரு வார்த்தை சொன்னால் நடக்காத காரியம் நடக்கும். பொலிசில் பிடிபட்டவனை வெளியே விட, ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க, எல்லாவற்றுக்கும் துரையின் வார்த்தைதான். அந்த வார்த்தையைப் பதக்கங்களோடு சேர்த்து அழைத்துப் போனால் எந்த ஐயாதான் மறுப்பார்? துரையின் காலைத் தேநீரை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தொரைங்க, பதுள விசாரணைக்கு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணுங்க. அந்த மெடலெல்லாம் போட்டுக்கிட்டு வந்தா நல்லாருக்குங்க."

துரை மீசையைத் தடவினார். அவருக்கும் அந்த வேண்டுதல் இனித்துத்தான் இருந்தது. "சரி. நான் வரும். நான் பேசும்," என்றார் தோட்டத் தமிழில்.

அந்தச் சனிக்கிழமை போலப் பதக்கங்கள் என்றைக்கும் மின்னியதில்லை. விசாரணை அன்று துரையின் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, பசறை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழகையா பதுளைக்குப் போனார். வெளியே பெஞ்சில் காத்திருந்த சனங்கள் துரையையும் பதக்கத்தையும் பார்த்துவிட்டு, கொடுத்துவைத்தவன் என்று அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

உள்ளே காரியம் நல்லபடியாகத்தான் நடந்தது. பிறந்த இடம், கலியாணம், பிள்ளைகள், வேலை என்று ஒவ்வொன்றையும் மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொன்னார். எல்லாம் சரி. விசாரணை ஐயா பேனாவைக் கையெழுத்துப் போடும் தோரணையில் எடுத்தும் விட்டார். துரை பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கு மாரிசாமி இந்த நாட்டுப் பிள்ளை. துரை இங்கிலீஷில் பேசினார்.

"இவன் மிக நல்லவன். யுத்தத்தில் நாலு வருஷம் என்னோடு எகிப்தில் இருந்தான். இதோ, இந்தப் பதக்கங்களைத் துலக்குகிறவனும் இவன்தான்."

விசாரணை ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா? இவர் பட்டாளத்தில் சேர்ந்தவரா, மேஜர்?"

"இல்லை, இல்லை. என் சொந்த வேலைக்காரன்."

"அப்படியானால் தொடர்ச்சி அறுந்துவிட்டதே. நான் ஒன்றும் செய்வதற்கில்லை."

மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்கு முன்பே அழகையாவுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன இங்கிலீஷ் தெரியாமலிருந்தால் இன்னும் ஒரு நிமிஷமாவது மனுசன் சந்தோசமாக இருந்திருப்பார்.

வெளியே வந்து துரை அவர் தோளைத் தட்டினார். "சட்டம் அப்படி. நான் என்ன செய்யும், அழகையா?" என்றார். பிறகு சாப்பாட்டுக்குக் கிளப்புக்குப் போய்விட்டார். பதக்கம் போட்ட நாளில் அங்கே போகாமல் இருப்பாரா? அழகையா பஸ் பிடித்து வந்தார். விஷயத்தைக் கேட்ட சரவணமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரியாயிதான் சொன்னாள்.

"வாயப் பொத்திக்கிட்டு இருங்கன்னுதானே சொன்னேன். ஒங்க வாயப் பொத்துனீங்க. அந்த ஆளு வாயக் கூட்டிக்கிட்டுப் போனீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாரிசாமிக்குக் கிடைக்க வேண்டிய உத்தியோகம் வேறு யாருக்கோ போனது. அவன் கவ்வாத்துக் கத்தியோடு, விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றான். தகப்பனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான்; சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஆயுத பூசைக்கு வாழையிலையில் அடுப்படிக் கத்தியும் மகனின் கவ்வாத்துக் கத்தியும் இருந்தன. பதக்கங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. சனிக்கிழமைகளில் அழகையா அவற்றைத் துலக்காமல் விடவில்லை. வேலை வேலைதான். கை துலக்கியது, மனசு துலக்கவில்லை.

ஐம்பத்தெட்டில் துரை சீமைக்குப் புறப்பட்டார். பிரியாவிடைக்குச் சுற்றுவட்டாரத் துரைமாரெல்லாம் பங்களாப் புல்வெளியில் கூடினார்கள். அன்று மத்தியானம்தான் அழகையா பதக்கப் பெட்டியைப் பஞ்சு வைத்துக் கட்டிப் பெரிய பெட்டிக்குள் இறக்கியிருந்தார். விருந்தின் நடுவே துரை எல்லோருக்கும் முன்னால் அவரைக் கூப்பிட்டார்.

"அழகையா, உனக்கு என்ன வேணும்? கேளு. நான் குடுக்கும்."

அழகையா தட்டை மேசையில் வைத்தார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முதுகு வளையவில்லை.

"எகிப்துல இருந்த நாலு வருஷத்த ஒங்களுக்கு எட்டுன்னு எண்ணுனாங்கல்லங்க தொர. அதுல என்னோட நாலக் குடுத்துட்டுப் போங்க. எம் மகனுக்கு வேணும்."

துரை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, அதை அப்படியே இங்கிலீஷில் மற்றத் துரைமாருக்குச் சொன்னார். கெட்டிக்காரக் கிழவன் என்று ஒருவர் சொன்னார். புல்வெளி முழுக்கச் சிரிப்பு.

சிரித்தவர்களுக்குத் தொண்டை காய்ந்து, கிளாஸ்கள் காலியாகியிருந்தன. துரை விரலைச் சொடுக்கினார். அழகையா தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனார்.