வாயை மறைத்த கை

என் மகளுக்கு ஒன்றரை வயதில்தான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு வயதில் இரு காதுக்கும் மெஷின் வைத்தோம். கவரைப்பேட்டையிலிருந்து பஸ் மாறித் திருவள்ளூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போவோம். அங்கிருந்த டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிள்ளை உதட்டைப் பார்க்காமல், காதால் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தினமும் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். மனைவிக்குப் பொறுமை போதாது என்பது என் நினைப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகப் பிரஸ் மெஷினில் தகடு அடிக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும், டீ கூடக் குடிக்காமல் மகள் எதிரில் உட்கார்வேன். வாயை மூடி "மீன்" என்பேன். அவள் சொல்வாள். "வெரி குட்!" என்று கை தட்டுவேன்.

கொஞ்ச நாளில் அவளும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. டீச்சர் கண்டுபிடித்துவிட்டு, "இனிமே கை வேணாங்க, பக்கத்துல உக்காந்து சொல்லுங்க" என்றார். ஓடுகிற மெஷினை எதற்கு நிறுத்துவது என்று நினைத்து, அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

ஐந்து வயதில் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே இடம் இல்லையென்றால் சென்னையில் ஹாஸ்டலோடு இருக்கும் காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி என் மேல் கால் போடாமல் தூங்காத பிள்ளை அது. ஹெட்மிஸ்டிரஸ் மீன் படத்தைக் காட்டினார். மகள் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் மெதுவாகக் கையை எடுத்துவிட்டார். கை போனதும் பேச்சும் போய்விட்டது.

"மத்த புள்ளைங்களோட பேசணும் இல்லிங்களா? பத்து நாள் கழிச்சுக் கூட்டினு வாங்க, பாப்போம்" என்றார்.

அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் டீச்சர் சொன்னபடி, மகளும் நானும் சுவரைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். "மீன்" என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். இல்லை. மூன்றாம் முறை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். அவள் அழுதாள்.

சமையல்கட்டிலிருந்து மனைவி வந்தாள். "இன்னாத்துக்குக் கத்துற? மூணு வாட்டியும் சொன்னாளே. 'ஈன்'னு சொல்றா, 'ம' வரல. உனக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை.

சொல்லிக்கொடுத்த வார்த்தை என்னுடையது என்பதால் பதிலும் எனக்குத் தெரிந்தேயிருந்தது. அவள் கைக்குள் எதைச் சொன்னாலும் வெரி குட் போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் கூப்பிட்டு நான் திரும்பாதபோது மனைவி என்னை, "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்பாள். மகளுக்கு மெஷின் வந்ததும் அந்தப் பழமொழியை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. என் காது மந்தம் என்று எனக்கு ஞாபகப்படுத்தவும் ஆளில்லாமல் போயிற்று. பிரஸ் சத்தத்துக்கு என்று கம்பெனி கொடுத்த காதடைப்பான்கள் கவர் பிரிக்காமல் லாக்கரில் கிடந்தன.

பத்து நாளும் மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். பொறுமையில்லாதவள் என்று நான் சொன்னவள், ஒரு 'ம'வுக்கு இரண்டு நாள் உட்கார்ந்தாள். பதினோராவது நாள் பள்ளிக்கூடத்தில் மகள் கையைக் கட்டிக்கொண்டு "மீன்" என்றாள். ஹெட்மிஸ்டிரஸ் யூனிஃபார்ம் அளவு எடுக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் டீச்சர் சொன்ன இடத்தில் எனக்கும் காதைச் சோதனை செய்து மெஷின் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னாள். காதில் ஒரே இரைச்சல்.

"பாலா?" என்றேன்.

"இல்ல நைனா. திருப்பிக் கேளு."

"பஸ்ஸா?"

"இல்ல. கேளு."

ஐந்தாவது முறை சரியாகச் சொன்னேன். அதுவரைக்கும் அவள் கை தட்டவில்லை.