அடுத்தவன் வண்டி

சனிக்கிழமை காலை, மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் நாங்கள் கூடும் ரோமா ஊர்ப் பெட்ரோல் பங்க் வாசல். செகோபே யாருடைய சைக்கிளையோ இரண்டு விரலால் தூக்கி எடை பார்க்கிறார். கீழே வைத்து, இருக்கையை உள்ளங்கையால் அமுக்கிப் பின்பக்க ஷாக் அப்சார்பர் எவ்வளவு இறங்குகிறது என்று கவனிக்கிறார். டயரைக் கட்டைவிரலால் குத்துகிறார். சொந்தக்காரர் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்கிறார் செகோபே. "ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குத் தப்பிய சைக்கிள் எங்கள் மலைப்பாதைகளில் ஓடியதில்லை. முன்னால் மட்டும் ஷாக் வைத்த லேசான வண்டியா? "ஏத்தத்துல ஆடு மாதிரி ஏறும். எறங்கறப்ப மட்டும் பல்லைக் கழட்டிப் பையில போட்டுக்கோ." முன்னும் பின்னும் நீளமான ஷாக் வைத்த கனத்த வண்டியா? "பாறை மேல மெத்தை போட்ட மாதிரி எறங்கும். திரும்பி மேல கொண்டுவர ஒரு கழுதை வாங்கணும்." இரண்டுக்கும் நடுவில் உள்ளது என்றால் உதட்டைப் பிதுக்குவார். "இது கல்யாணத்துக்கும் போகும், சாவுக்கும் போகும். எங்கயும் இதுக்கு முதல் வரிசை கிடையாது."

மற்ற சாமான்களும் தப்பாது. பெடலோடு கவ்விக்கொள்ளும் காலணியைப் பார்த்து, "விழறப்பவும் வண்டியோட சேர்ந்தே விழணுமா? என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு ஒட்ட மாட்டா," என்பார். முகத்தை மூடும் ஹெல்மெட்டை, சும்மா அளவு பார்க்கிறேன் என்று வாங்கித் தலையில் மாட்டிக்கொள்வார். சாயங்காலம்வரை கழற்ற மாட்டார்.

செகோபே ரொட்டி வேன் ஓட்டுகிறார். தலைநகர் மசேருவில் சைக்கிள் கடைக்கு எதிரே அந்த வேன் அடிக்கடி நிற்கும். கண்ணாடிக்கு உள்ளே இருப்பதை அவர் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பசித்தவன் ஓட்டல் வாசலில் நிற்கிற பார்வை அது. அவருடைய சொந்த வண்டி சிவப்பு, லேசானது, முன்னால் மட்டும் ஷாக். பெயின்ட் உதிர்ந்த இடங்களில் மனைவியின் நகப்பூச்சைத் தடவியிருக்கிறார்.

அவருடைய சைக்கிள் ஜோடி லெபுசா, ஆடுகளுக்கு ஊசி போடும் கால்நடைத் துறை ஊழியர். எங்கள் வருடாந்திரப் போட்டியில் இருவர் இருவராகத்தான் ஓட்ட வேண்டும். இருவரும் சேர்ந்தே கோட்டைத் தாண்ட வேண்டும். இந்த இருவரும் பல வருடங்களாக ஒரே மாதிரி வண்டியில், ஒரே வேகத்தில், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஓட்டி வந்தவர்கள். அப்போதுதான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் லெபுசாவின் அக்கா ஒரு பச்சை வண்டி வாங்கி அனுப்பினார். முன்னும் பின்னும் நீளமான ஷாக். ஹேண்டிலில் ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கை தானாகக் கீழே இறங்கும்.

செகோபே அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. தொடவே இல்லை. எங்களுக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

"அந்த எருமையோட நீ ஏத்தம் ஏறி வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்," என்றார்.

லெபுசா முதலில் சிரித்தார். வாராவாரம் கேட்டுக் கேட்டு ஒருநாள் முகம் மாறியது. "அப்ப நான் வேற ஜோடி பார்த்துக்கறேன். நீ உன் பேரனைக் கூட்டிக்கிட்டுப் போ."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. செகோபே என்னிடம்தான் புலம்புவார். "அந்த வண்டி வந்ததுல இருந்து அவன் மனுசங்ககிட்ட பேசறதே இல்ல தங்கச்சி. அதைத் துடைக்கிறான், அதுகிட்டதான் பேசறான்." வண்டி லெபுசாவிடம் இருக்கிறதே என்று எரிகிறாரா, லெபுசா வண்டியிடம் போய்விட்டாரே என்று எரிகிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

போன மாதம் 'கடவுளே காப்பாற்று' கணவாய்க்குப் போனோம். உச்சியில் செகோபே யாரிடமோ பச்சை வண்டியைப் பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். லெபுசா அதை நேராக அவர் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"வாயால ஓட்டினது போதும். ஏறி ஓட்டு. உன்னோடதை என்கிட்ட குடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். செகோபேவுக்கு வேறு வழியில்லை.

மட்டக்குதிரைகள் இறங்கும் பாதை அது. உருளும் கற்கள், இடையிடையே பாறைப் படிகள். செகோபே எப்போதும் பிரேக்கை அலறவிட்டுக்கொண்டே இறங்குவார். அன்று பிரேக் சத்தமே இல்லை. வளைவுக்கு அப்பால் ஓர் அலறல் கேட்டது. விழுந்துவிட்டார் என்று பதறிப் போனால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அடிவாரத்தில் ஒரு காலை ஊன்றி நின்றவர், "நல்லாத்தான் இருக்கு," என்றார். நாங்கள் அந்த 'ஆனா'வுக்காகக் காத்திருந்தோம். அதோடு முடிந்துவிட்டது.

லெபுசா சிவப்பு வண்டியில் குலுங்கி வந்து சேர்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டார். 

திரும்பி ஏற வேண்டும். "நானே மேல கொண்டாறேன்," என்றார் செகோபே. பாதி வழியில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். குதிரையில் எதிரே வந்த ஒரு மேய்ப்பர், போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் அண்ணே, கூடவே நடத்திக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கா வாங்கினீங்க?"

வேறு நாளாக இருந்தால் செகோபே பதிலுக்கு அவர் குதிரையையே விலை பேசியிருப்பார். அன்று காதில் வாங்கவில்லை. அவர் கண் மேலே இருந்தது. மேலே, வளைவுக்கு மேல் வளைவாகச் சிவப்பு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. லெபுசா சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டை ஏத்திட்டான், பார்த்தியா?" என்றார் செகோபே, பக்கத்தில் வந்த என்னிடம்.

"அவர் உயரம், அண்ணே."

கொஞ்ச தூரம் மூச்சிரைத்தபடி தள்ளினார். "எனக்கு ஒரு நாளாவது அது அப்படி ஏறியிருக்கா?"

"அது உங்க வண்டிதானே?"

"அதான் தங்கச்சி! அதைத்தான் நானும் சொல்றேன்!"

உச்சியில் லெபுசா காத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, கோபம் எங்கோ வழியில் உதிர்ந்திருந்தது. "செகோபே, நாம ரெண்டு பேரும் ஜோடியாவே போட்டிக்குப் போலாம். எறக்கத்துல நீ என்னோடதை எடுத்துக்கோ. ஏத்தத்துல நான் உன்னோடதை எடுத்துக்கறேன். அடுத்த மலைல அவங்கவங்க வண்டி. மாத்தி மாத்தி ஓட்டினா நம்மளை எவன் பிடிப்பான்?"

செகோபே பச்சை வண்டியை அவரிடம் நீட்டினார்.

"ஜோடி மட்டும் சரி," என்றார்.

பிறகு சிவப்பு வண்டியை வாங்கி இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்கினார். சட்டை நுனியை இழுத்து, ஹேண்டிலின் இரண்டு பிடிகளிலும் இருந்த லெபுசாவின் வேர்வையை அழுத்தித் துடைத்தார்.