பத்தொன்பது பேருக்குச் சொன்ன வார்த்தை

"எங்க அத்தான்தான், வேத்தாள் இல்ல."

இந்த வார்த்தையை ஃபரங்கிஸ் பத்தொன்பது பேரிடம் சொல்லியிருந்தாள். எல்லோரும் ரஷ்த் நகரத்தின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கும் நர்ஸுகள். வி.பி.என். இல்லாமல் அந்த ஊரில் ஒரு கேக் செய்முறைகூடப் பார்க்க முடியாது. பாதித் தளங்களை அரசாங்கம் அடைத்து வைத்திருக்கிறது; வி.பி.என். அந்த அடைப்பைச் சுற்றிப் போகும் இணைய வழி. ஆனால் வி.பி.என்.னை யாரும் முகம் தெரியாதவனிடம் வாங்க மாட்டார்கள். அவன் போலீஸ்காரனாக இருக்கலாம், போனில் இருப்பதையெல்லாம் உருவுகிற திருடனாகவும் இருக்கலாம். வீடு தெரிந்தவனிடம், சம்சாரம் பிள்ளை தெரிந்தவனிடம்தான் வாங்குவார்கள்.

ஃபரங்கிஸுக்கு அப்படி ஒருவர் குடும்பத்திலேயே இருந்தார். அக்கா ஷஹ்லாவின் கணவர் கியூமர்ஸ். குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை படுத்துப்போன பிறகு, வெளிநாட்டில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து மாதக் கட்டணத்துக்கு வி.பி.என். லைன் விற்க ஆரம்பித்தார். முதல் நாளே மச்சினிச்சியைச் செல்லமாக 'ஜான்' போட்டுக் கூப்பிட்டுச் சத்தியம் செய்தார்.

"யாரு எங்க போறாங்கன்னு நான் பாக்குறதே இல்ல, ஃபரங்கிஸ் ஜான். எங்கம்மா உயிர் மேல சத்தியம்."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் பத்தொன்பது பேரைக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒரு பைசா கமிஷன் வாங்கவில்லை.

அவளுக்கு வயது முப்பத்துநாலு. பதினோரு வருடமாக வார்டில் நிற்கிறாள். அம்மா இறந்துவிட்டாள். பக்கவாதத்தில் இடது கை விழுந்த அப்பாவை அவள்தான் குளிப்பாட்டி, சோறூட்டி, டூட்டிக்கு ஓடுவாள். போன குளிர்காலத்திலிருந்து அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஜெர்மன் மொழி படித்தாள். பரீட்சை எழுதினாள். காஸல் என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்தாள். வேலை உறுதியானதும் அப்பாவுக்கு முழுநேர ஆள் வைத்துவிட்டு எல்லோருக்கும் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். அதற்கு முன்னால் சொன்னால் போகவிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் ஷஹ்லா வீட்டில்தான். அன்றும் அப்பாவை டாக்ஸியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். சுட்ட கத்தரிக்காயும் பூண்டும் மணந்தன. ஷஹ்லா தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, காஸல்னு ஒரு ஊர் இருக்காமே? அங்கயும் நம்ம ஊர் மாதிரி மழை கொட்டுமா?"

ஃபரங்கிஸின் கரண்டி நின்றது. "உனக்கு எப்படி அந்த ஊரு தெரியும்?"

"டிவில காட்டுனான்."

கியூமர்ஸ் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "உங்க அக்கா இப்பல்லாம் பூகோளம் படிக்கிறா."

ஃபரங்கிஸும் சிரித்தாள். டிவியில்தான் பார்த்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பியாக வேண்டும் என்பதால் நம்பினாள். அக்காவைச் சந்தேகப்பட்டுவிட்டு அவள் வைத்த சோற்றை எப்படிச் சாப்பிடுவது?

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு நேர்முகம். காஸலிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியின் ஓய்வறையில் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஜெர்மன் வாக்கியங்களை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு இருபதுக்கு லைன் செத்தது. அணைத்துப் போட்டாள். போனையே அணைத்துப் போட்டாள். வரவில்லை. கியூமர்ஸைக் கூப்பிட்டாள்.

"எனக்கு மட்டுமா அத்தான்?"

"எல்லாருக்கும் போச்சும்மா. இப்பத்தான் நாடு முழுக்க அடைச்சுட்டான் பாவி. நானே தலையப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

போனை வைத்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு சிரிப்புச் சத்தம். நாஹீத், கையில் டீக் கோப்பை, பல்லுக்கிடையில் சர்க்கரைக் கட்டி, போனில் ஒரு பூனை வீடியோ.

"நாஹீத், உனக்கு லைன் வருதா?"

"வருதே. சும்மா சொல்லக் கூடாது, உங்க அத்தான் லைன் தங்கம்."

ஃபரங்கிஸ் அவளையே பார்த்தாள். அதே சர்வர். பத்தொன்பது பேரில் ஒருத்தி. பூனை குதித்தது. காஸல், மழை, பூகோளம் எல்லாம் அப்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒட்டின.

"உன் போனைக் குடு. கேக்காத, குடு."

அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. திரையில் இருந்த அம்மாள் அடுத்த ஆளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை இதே நேரம் இன்னொரு முறை தருகிறோம், அதுதான் கடைசி என்றாள்.

டூட்டி முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனாள். ஷஹ்லா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாஹீதுக்கு லைன் போகல, அக்கா."

ஷஹ்லா நிமிரவில்லை. "அவரத் திட்டாத. நீ காஸல்காரங்க வீடியோவுக்குப் போனதும் நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"பாக்கச் சொன்னது?"

"அதுவும் நான்தான். நீ போனக் கவுத்து வைக்க ஆரம்பிச்ச. எவனோ ஒருத்தன் கெடச்சிருக்கான்னு நெனச்சேன். சந்தோஷமாத்தான்டி பாக்கச் சொன்னேன். பாத்தா ஆஸ்பத்திரியாம், பாஷையாம், தூதரகமாம்."

"என்னையே கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

ஃபரங்கிஸ் சிதறிக் கிடந்த பூண்டுத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள்.

"அப்பாவ யாரு தூக்கி உக்கார வைப்பா?" ஷஹ்லாவின் குரல் உடைந்தது. "என் இடுப்பு இருக்குற இருப்புல நானா? நீ பாட்டுக்கு ஏறிப் போயிடுவ. இங்க நான் ஒருத்தி மாட்டிக்கணும்."

"ஆள் வெச்சுட்டுத்தான் போறதா இருந்தேன். அதுக்காக நேர்முகத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கழுத்தப் பிடிச்சு நெரிப்பியா?"

உள்ளறையிலிருந்து கியூமர்ஸ் வந்தார். "ஃபரங்கிஸ் ஜான், நான் தளத்தோட பேர மட்டும்தான் பாத்தேன். நீ உள்ள போய் என்ன எழுதுனன்னு எனக்குத் தெரியவும் தெரியாது."

"வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கல, வாசல்ல நின்னு எந்த வீட்டுக்குப் போறான்னு மட்டும் குறிச்சுக்கிட்டேன். அப்படித்தானே அத்தான்?"

அவர் பேச்சை மாற்றிச் சிரிக்கப் பார்த்தார். "அட விடும்மா. உன்னோடது பரவால்ல. உங்க தலைமை நர்ஸம்மா இருக்காங்களே, டூட்டி நேரத்துல பூரா துருக்கி சீரியல்தான்..."

ஷஹ்லா அவரை முறைத்தாள். அவர் வாயை மூடினார். ஆனால் சொல்லியாகிவிட்டது. அக்கா கேட்டது ஒருத்தியைப் பற்றி. இவர் பார்த்தது எல்லோரையும். தனக்கு என்ன நோய் என்று தேடியவள், யாரோ ஒரு வக்கீலைத் தேடியவள், யாரோடோ பேசியவள், அத்தனை பேரும் ஃபரங்கிஸின் ஒரு வார்த்தையை நம்பி இவர் கண் முன்னால் நடந்துபோயிருக்கிறார்கள்.

அரசாங்கம் பார்க்கிறது என்று அவளுக்கு எப்போதும் தெரியும். அது அவளுக்குத் துரோகம் செய்ய முடியாது, ஏனென்றால் அதை அவள் நம்பியதே இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போதே நர்ஸுகள் பத்தொன்பது பேருக்கும் சேர்த்து எஸ்.எம்.எஸ். எழுதினாள். "எங்க அத்தான் லைனை இன்னைக்கே எடுத்துடுங்க. நாம எங்க போறோம்னு அவர் பாக்குறார். நம்பிக்கையான ஆளுன்னு சொன்னது நான். தப்பு என்னோடது." அனுப்பும் முன் விரல் ஒரு கணம் நின்றது. அந்த வீட்டு அடுப்பு அந்தப் பத்தொன்பது பேரால் எரிகிறது. அனுப்பினாள்.

புதன்கிழமை, போன் கடைகள் நிறைந்த கட்டடத்தில், போன் உறை விற்கும் ஒருவனிடம் போய் நின்று, வி.பி.என். லைன் கிடைக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல."

அவன் பின்வாங்கினான். "அறிமுகம் இல்லாம நான் குடுக்குறதில்லம்மா. அதெல்லாம் வம்பு."

"அறிமுகத்தோட வாங்குனதுதான் தம்பி என்ன இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை வாங்கினான். "என்ன பேருல போட?"

"ஷஹ்லா" என்றாள். வாயில் வேறு பெயர் வரவில்லை.

வியாழக்கிழமை அந்த லைன் முப்பத்தைந்து நிமிடமும் அறுபடாமல் நின்றது. அந்த அம்மாள் முடிவில் சிரித்தாள், காகிதங்களை அனுப்பச் சொன்னாள். ஃபரங்கிஸ் சந்தோஷத்தை யாருக்குச் சொல்வது என்று யோசித்தாள். கை தானாக அக்காவின் எண்ணுக்குப் போய்த் திரும்பியது.

மறுநாள் வெள்ளி. பன்னிரண்டு மணிக்கு அப்பா வலது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"டாக்ஸி சொல்லலையா?"

"மழைப்பா."

"ரஷ்த்ல மழைக்குப் பயந்து எவன் வீட்ல உக்காந்தான்?"

ஃபரங்கிஸ் போனை மேசையில் திரை தெரியும்படி வைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும். வேற யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி."