மரகதத்தின் சேலையும் என் மூன்று கேமராக்களும்

போட்டோகிராபரிடம் படம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேமரா எவ்வளவு பெரியது என்றுதான் கேட்கிறார்கள். கேமரா தூக்கித் தோள் இறங்கிப்போன என் சக தொழிலாளிகளுக்கு இது தெரியும்.

என்னிடம் மூன்று இருக்கின்றன: ஒரு பழைய போன், ஒரு நடுத்தரக் கேமரா, ஒரு பெரிய கேமரா. அந்தக் காலத்தில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் என்ற தகடு இருக்கிறது. வெளிச்சத்தை வாங்குவது அதுதான். என் போனில் அது ஆறுக்கு நாலு மில்லிமீட்டர். பெரிய கேமராவில் முப்பத்தாறுக்கு இருபத்துநாலு. குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு என்று அடுக்கினால் போன் சென்சார் முப்பத்தாறு அதற்குள் அடங்கும். நான் எட்டாவதோடு நின்றவன். இந்தக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கருப்பா, பச்சையா?

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் மரகதம் ஒரு மழைநாள் காலையில் என் போட்டோ கடைக்கு ஓடி வந்தார். இருபத்தாறு நாள் நெய்த முகூர்த்தச் சேலை, அன்றுதான் தறியிலிருந்து அறுத்தது. உடம்பு அரக்கு நிறத்தில் சின்னக் கட்டம், பார்டர் கரும்பச்சை. தறி அறையின் மங்கலில் போனில் படம் எடுத்து, பெங்களூரில் வேலை பார்க்கும் மணப்பெண்ணுக்கு அனுப்பியிருந்தார்.

சின்ன சென்சாருக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. ஜரிகை மஞ்சள் பூசியதுபோல் இருந்தது, பார்டர் கருப்பாகவே தெரிந்தது. கல்யாணத்துக்குக் கருப்பு ஆகாது. மாலைக்குள் தெளிவான படம் வராவிட்டால் வேறு சேலை பார்த்துக்கொள்வதாகப் பெண் வீட்டிலிருந்து செய்தி வந்துவிட்டது. மரகதம் என் பெரிய கேமராப் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "கெளம்புங்கண்ணா, என் பச்சையை நீங்கதான் காப்பாத்தணும்!"

எண்ண வேண்டாம்

கிளம்பும் நேரம் பார்த்து, பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்டு ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்றார். கட்டைவிரல் நீளப் படத்துக்கு நடுத்தரக் கேமராவே அதிகம் என்றேன். கேட்கவில்லை. எனக்கு அதட்டிப் பேச வராது. "பெரியதில் எடுத்தால் தலையில் இருக்கிற முடியை எண்ணிவிடலாம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப சின்னதுலயே எடுங்க சார், எண்ணிப் பாக்கற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

அலை

மழை விடவில்லை, பட்டுச் சேலையை வெளியே கொண்டுபோக முடியாது. தறி அறையிலேயே விரித்து எடுத்தேன். பெரிய சென்சார் இருந்த வெளிச்சத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது. பச்சை பச்சையாகவே வந்தது. ஆனால் திரையில் பார்த்த மரகதத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. சேலை உடம்பு முழுக்கக் குளத்து நீர்போல் அலை அலையாகக் கோடுகள்.

நெய்ததில் பிசகோ என்று அவர் சேலையைத் தடவிப் பார்க்க, நான் ஓர் அங்குலத்துக்குள் கட்டங்களை எண்ணினேன். நான்கு இடத்தில் எண்ணினேன், நான்கிலும் ஒரே எண்ணிக்கை. சேலையில் குற்றமில்லை. சென்சாரில் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, சேலையில் கட்டங்களும் வரிசையாக இருக்கின்றன. இரண்டு வரிசையும் இசையாமல் மோதினால் இல்லாத அலை தெரியும். ஓர் அடி முன்னால் நகர்ந்து எடுத்தேன், அலை போய்விட்டது. மரகதத்துக்கு மூச்சு வந்தது, கோபமும் கூடவே வந்தது. "இருவத்தாறு நாள் நான் நெய்யாத அலையை, உங்க பொட்டி ஒரே நொடியில நெய்து வச்சுக்கினு என் உசிரை வாங்கிடுச்சே!"

பின்பக்கம்

நல்ல படத்தைக் கையில் கொடுத்தேன். திரையைப் பார்த்தவர் கேமராவைச் சட்டென்று மறுபுறம் திருப்பினார். அங்கே லென்ஸ்தான் இருந்தது. இந்த ஊரில் துணி தெரிந்தவர்கள் சேலையைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். உடம்பும் பார்டரும் சேரும் இடத்தில் கைவேலை அங்கேதான் தெரியும். பழக்கத்தில் கேமராவையும் திருப்பிவிட்டார். இருவரும் சிரித்தோம்.

சிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சேலையைத் திருப்பிப் போட்டு, அந்தச் சேர்மானத்தை நெருங்கி எடுத்தேன். அரக்கு இழையும் பச்சை இழையும் கோத்துக்கொண்டு நிற்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரண்டு படங்களும் மணப்பெண்ணுக்குப் போயின. ஒன்பதாவது நிமிடம் பதில் வந்தது. "பச்சையேதான் அக்கா! பின்பக்கத்தைப் பார்த்ததும் அம்மா அழுதுட்டாங்க, அனுப்பிடுங்க!"

மூன்றாவது வரிசை

கல்யாணம் செவிலிமேட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள், மரகதத்தையும் அழைத்திருந்தார்கள். மேடையில் மூன்று வரிசையில் பத்தொன்பது பேர். வெளிச்சம் மங்கல் என்று பெரிய கேமராவின் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தேன். அப்படி எடுத்தால் அதில் முன்னே இருப்பது மட்டுமே துல்லியமாக வரும். எனக்கு அது தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டேன். பெண் கட்டியிருந்த சேலையில் கட்டம் கட்டமாக எண்ணலாம். பத்தொன்பது பேரில் முன்வரிசை ஏழு பேர்தான் தெளிவு.

எல்லோரையும் வாசல் வெயிலுக்கு அழைத்துப்போய்ப் பழைய போனில் எடுத்தேன். சின்ன சென்சாருக்கு முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றுதான், பத்தொன்பது முகங்களும் பளிச்சென்று வந்தன. மரகதம் இரண்டு படத்தையும் வாங்கி, மேடைப் படத்தில் மூன்றாவது வரிசையைத் தொட்டுக் காட்டினார். "சேலை கண்ணாடியாட்டம் இருக்குதுண்ணா, அதை நெய்தவ மட்டும் ஏன் புகையாட்டம் நிக்கிறா?"

சென்சார் முப்பத்தாறு மடங்கு பெரியதாக இருந்தாலும், மூன்றாவது வரிசையில் நிற்பது யார் என்று எடுப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.