சத்தத்துக்கு வாங்கிய சைலன்சர்

மோட்டார் சைக்கிளைப் பற்றி என் வீட்டுக்காரர் அளவுக்குப் பேசியவரும் இல்லை, அவர் அளவுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாதவரும் இல்லை. அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் அவர் சொன்னதை மறுத்துப் பேச வெளியே ஆளில்லை. வீட்டில் நான் ஒருத்தி பேசினேன். என் பேச்சை அவர் காதில் போட்டுக்கொண்டதே கிடையாது.

நான் அப்போது அரசு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் வேலையில் இருந்தேன். சுற்றுவட்டாரம் முழுக்க எனக்கு நர்சம்மா என்றுதான் பெயர். பஸ் போகாத ஊரில் யாருக்காவது வலி கண்டால் சைக்கிளில் ஆள் வந்து சொல்லும். நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து போவேன். ஏரிக்கரை, வண்டிப்பாதை, உழுது போட்ட கொல்லை, பாறைமேடு என்று எல்லாவற்றிலும் அந்த டூ ஸ்ட்ரோக் வண்டி ஏறி இறங்கியது. வண்டியை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். அதற்கென்று டப்பாவில் அடைத்த எண்ணெய் திண்டிவனத்தில் கிடைக்கும். என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கோ சொந்தமாகச் செக்கு இருந்தது. வீட்டில் கடலை எண்ணெய் டின் டின்னாக நிற்கும்போது வெளியில் எதற்கு வாங்க வேண்டும் என்று அதையே பெட்ரோலில் கலந்தார். கொல்லையெல்லாம் கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விளைகிற ஊரில் பிறந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும். "எண்ணெயில இன்னா வித்தியாசம்? மல்லாட்ட எண்ணெயவிட சுத்தமானது ஒலகத்துல கெடையாது," என்பார். சாயங்காலம் அவரோடு டீக்கடையில் உட்காரும் கும்பல் தலையை ஆட்டும். வண்டி போன தெருவெல்லாம் வடை சுடும் வாசனை அடிக்கும். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

சில மாதங்களில் வண்டி இழுவை குறைந்துபோனது. மேட்டில் முக்கியது, முனகியது. ஒருநாள் அவர் இல்லாத நேரம் சைலன்சர் வாயில் கொண்டை ஊசியை விட்டுச் சுரண்டினேன். கழுவாத வடைச்சட்டியின் அடியில் ஒட்டியிருக்குமே, அதே மாதிரிக் கறுப்புப் பிசுக்கு கட்டிகட்டியாக வந்தது.

"பைப்பு அடைச்சிருக்குதுங்க. கழட்டி வெந்நீர் அடுப்புல போட்டா கரியெல்லாம் எரிஞ்சு போயிடும். எண்ணெயையும் மாத்துங்க," என்றேன்.

"பொம்பளைக்கு இன்னா தெரியும் எஞ்சினப் பத்தி? பைப்பு வீக்கு. வேற பைப்பு போட்டா பறக்கும்," என்றார்.

டீக்கடைக் கும்பல் அதற்கும் தலையை ஆட்டியது. அந்தக் கும்பலில் ஒருத்தருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

புதுச்சேரியில் ஒரு கடையில் வெளிநாட்டுச் சாமான்கள் கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அங்கே என் அத்தை இருந்தாள், பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் கூடப் போனேன். சுவரில் மூன்று பைப்புகள் தொங்கின. ஒன்று பழையது போலவே இருந்தது. இன்னொன்று நடுவில் நன்றாக உப்பி இரண்டு பக்கமும் ஒடுங்கியிருந்தது. மூன்றாவது நெட்டையாக, மேல்நோக்கி வளைந்து, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழாய். சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுகிறவர்கள் உப்பியதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

"இன்னாது இது, புள்ளத்தாச்சி மாதிரி," என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். என் எதிரில், என் வேலை இன்னதென்று தெரிந்த மனுஷன் சிரித்தார். பிறகு சந்தையில் பானை வாங்குகிறவர் போல மூன்றையும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நெட்டைக் குழாயை மாட்டச் சொல்லி ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். தெருவில் போன ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. இது மேட்டில் இழுக்குமா என்று நான் கேட்டேன். இந்தச் சத்தம் போடுகிற வண்டி இழுக்காமல் இருக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

செஞ்சிக்கு வந்ததும் ராஜகிரி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி முறுக்கினார். மலை அந்தச் சத்தத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தது. அதைக் கேட்கவே தினமும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தார். நாற்பதை நெருங்கிய ஆம்பிளை.

சிங்கவரம் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். அங்கே மாதா கோயிலுக்கு ஒழுங்காகப் போகும் ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். அந்த வீட்டு மருமகளுக்கு இரண்டு பிரசவம் ஆகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதற்கு என்னைத்தான் நம்பியிருந்தாள். கடைசித் தடவை வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. வலி முற்றுவதற்குள் நான் போய்விட்டால் வெளியிலிருந்தே கையால் திருப்பிவிடலாம். முற்றிவிட்டால் ஆஸ்பத்திரிதான். அதனால் அவள் புருஷனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். வலி கண்டதும் எனக்கு ஆள் அனுப்பு, மாட்டு வண்டியையும் பூட்டி வை, நான் வரத் தாமதமானால் எனக்காக நிற்காதே, ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடு என்றேன். அவனும் தலையாட்டினான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஆள் வந்துவிட்டது. உடனே கிளம்பினோம். சமதரையில் வண்டி பேயாகக் கத்திக்கொண்டு போனது. ஏரிக்கரை தாண்டிப் பாறைமேடு வந்தது. மேட்டில் மெதுவாகத்தான் ஏற வேண்டும். மெதுவாகப் போனால் அந்தக் குழாயில் இழுவையே இல்லை. பாதி மேட்டில் வண்டி நின்றது. உதைத்தார், அலறியது. கியர் போட்டார், செத்தது. மறுபடியும் உதைத்தார்.

"தோ, புடிச்சிக்கும். எறங்காத, உக்காரு," என்றார்.

நான் இறங்கிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லையில் குறுக்கே நடந்தேன். கடலை பிடுங்கிக் கட்டிகட்டியாகக் கிடந்த தரை, ஓடவும் முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் விடவே இல்லை. அவர் முறுக்க முறுக்கப் பாறைகள் அதை வாங்கி ஊர்ப்பக்கம் வீசின. நான் நடந்த நேரம் முழுக்க அது கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டு வாசலில் மாட்டு வண்டியின் நுகத்தடி தரையில் கிடந்தது. மாடுகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

"வண்டிய ஏன் அவுத்த?" என்று அவள் புருஷனைக் கேட்டேன்.

"கெளம்பத்தான் இருந்தோம் நர்சம்மா. உங்க மோட்டாரு சத்தம் கேட்டுச்சு. தோ வந்துட்டாங்கன்னு மாட்ட அவுத்து உட்டுட்டேன். கேட்டுகினே இருக்குது, ஆளத்தான் காணோம்," என்றான்.

அவன் சொல்லும்போதும் அந்தச் சத்தம் கேட்டது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருகிறோம் என்று ஊருக்கே கேட்கச் சொன்னது நாங்கள்தானே. பழைய சைலன்சராக இருந்திருந்தால் வாசலுக்கு வரும்வரை யாருக்கும் கேட்டிருக்காது. அவனும் வண்டியைக் கிளப்பியிருப்பான்.

உள்ளே பனிக்குடம் உடைந்து, பிள்ளையின் கை வெளியே வந்திருந்தது. இனித் திருப்ப முடியாது. மாடுகளைப் பிடித்து வந்து பூட்டி அவளை ஏற்றுவதற்கே வெகுநேரம் ஆகிவிட்டது. வழி நெடுக அவள் தலையை என் மடியில் வைத்திருந்தேன். மேட்டில் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வழிவிடக் காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை, நல்ல எடை, தலை நிறைய முடி. தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பனிடம் கொடுப்பதற்காகப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் கையில் கரியோடு வந்து சேர்ந்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி.

"ஏரிக்கு அந்தாண்டயே கேட்டுச்சாமே? அந்தப் பொண்ணு புருஷன் சொன்னான்," என்றார்.

என் கையில் இருப்பது என்னவென்று அவர் கேட்கவே இல்லை.