எழும்பும் ஹெட்லைட்

திருவண்ணாமலையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வேலை செய்தேன். ஒருநாள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. சுவிட்சைப் போட்டால் அதன் ஹெட்லைட்டுகள் பானெட்டிலிருந்து எழும்பும். அணைத்தால் உள்ளே போய் மூடிக்கொள்ளும். வயரையெல்லாம் எலி கடித்திருந்ததால் புதிதாக இழுத்தோம்.

"கரண்ட்" என்று குரல் கொடுத்து, விளக்குப் பக்கம் இருப்பவனிடமிருந்து "குடு" என்று பதில் வந்த பிறகே பேட்டரியில் வயரை வைக்க வேண்டும். அன்று அவசரத்தில் நான் குரல் கொடுக்காமலே வயரை வைத்துவிட்டேன். சுவிட்ச் அணைந்திருந்ததால், எழும்பி நின்ற விளக்கு சட்டென்று மூடி, உள்ளே கைவிட்டிருந்த சலீமின் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. அவனும் என்னைப் போல அங்கே வேலை செய்பவன்.

ஓடிவந்த முதலாளியிடம், "நான் சொன்னேங்க, அவன்தான் கவனிக்கல" என்றேன்.

சலீம் என்னைப் பார்த்தான். "ஆமாங்க, எம்மேலதான் தப்பு" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்டேன்.

"உன்ன அனுப்பிட்டா எங்கடா போவ? கடையிலதான படுக்குற. எனக்கு வீடு இருக்குது."

நேராகக் கடைக்குப் போய் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று.

இதற்கு முன்னும் பல ஊர்களில் பொய் சொல்லிப் பிழைத்திருக்கிறேன். அதனால் மாட்டிக்கொண்டவர்களின் முகமெல்லாம் நினைவில் இல்லை. சலீமின் முகம் இருக்கிறது. அந்த விரல்களால் மறுபடி வயர் முறுக்க முடிகிறதா என்று அவனிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.