மச்சினன் நம்பர்

அவரை எல்லாரும் டெய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத மனிதர். தொழில் வெல்டிங். இரண்டு குழாய்களை அவர் பற்றவைத்த இடம் மெஷினில் ஓட்டிய தையல் மாதிரி இருக்கிறதே என்று பட்டறையில் யாரோ சொல்லப்போய், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வயது நாற்பத்தாறு. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் தீப்பொறி பட்ட புள்ளிகள். கண்களில் எப்போதும் லேசாக நீர் கோத்திருக்கும். அழுகிறாரோ என்று முதல் நாள் பதறினேன். அது தொழில் கொடுத்த கண்.

நான் இலவச சட்ட உதவி மையத்தில் மொழிபெயர்க்கிறவள். செவ்வாயும் வெள்ளியும் வேலை. வக்கீல் அம்மா இந்த நாட்டு மொழியில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் வருவதை அவருக்குச் சொல்ல வேண்டும். நடுவில் என் யோசனை எதையும் நுழைக்கக் கூடாது. என் வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

டெய்லர் வந்தது நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு. திறன்மிக்க தொழிலாளி என்று நிரூபித்தால் இந்த நாடு அதைத் தரும். பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டி வரலாம். ஆனால் மனுப் போடும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது. அவருக்கு ஒரே மகள். பதினெட்டு முடிய நாலு மாதம் இருந்தது.

“எனக்குன்னா இந்தப் பேப்பரே வேணாம்மா. பாப்பாவுக்காகத்தான் வந்திருக்கேன்” என்றார் என்னிடம்.

பதினோரு வருஷத்துக்கு முன் அவர் கிளம்பியபோது அந்தப் பாப்பா முன்பல் விழுந்த வாயோடு கையாட்டியதாம். அதற்குப் பிறகு ஐந்து முறை விடுமுறையில் போய்ப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வாங்கிப்போன செருப்பு சிறிதாக இருந்திருக்கிறது. இப்போது அவள் இரண்டு வருஷமாக இந்த நாட்டு மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். போனில் அப்பாவிடம் அந்த மொழியிலேயே நாலு வாக்கியம் பேசுவாள். “நீ சரியாத்தான் பேசுறியான்னு எனக்கெப்படித் தெரியும், எதுக்கும் ஒருதரம் தமிழ்ல சொல்லு” என்பார் இவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

புதிதாகச் செய்முறைத் தேர்வு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். டெய்லர் போய் எழுதவில்லை, பற்றவைத்தார். தேர்வாளர் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்து காட்டினாராம். இனி என்ன, காரியம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். பிறகு கம்பெனியிலிருந்து வேலைப் பட்டியல் வந்தது.

பட்டியல் என்றால் இதுதான். பட்டறையில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர். இணைப்பை முடித்ததும் பக்கத்திலேயே அந்த நம்பரைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். பின்னால் எக்ஸ்ரே எடுப்பார்கள். யார் நம்பரில் எத்தனை தேறியது, எத்தனை தேறவில்லை என்பது ஏறிவிடும். விசாவுக்குக் கடைசி மூன்று வருஷத்தில் உயர் அழுத்தக் குழாய் இணைப்பு குறைந்தது முந்நூறு காட்ட வேண்டும். டெய்லர் நம்பரில் பத்தொன்பது இருந்தது. மீதியெல்லாம் கைப்பிடிக் கம்பி, ஏணிப்படி, குழாயைத் தாங்கும் சட்டம்.

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேர்வில் இப்படிச் செய்த கை மூன்று வருஷமாக ஏணிப்படி ஒட்டிக்கொண்டிருந்ததா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். டெய்லர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் போயிற்று. பிறகு கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவராகவே சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன் அவர் மனைவியின் தம்பி அதே பட்டறைக்கு வேலைக்கு வந்தான். “உங்கள விட்டா அவனுக்கு அங்க யாருமில்ல, பாத்துக்கங்க” என்று மனைவி போனில் சொல்லியிருக்கிறாள். நல்ல பையன்தான். ஆனால் குழாய் என்றால் கை நடுங்கும். எக்ஸ்ரேயில் தொடர்ந்து தோற்றான். இன்னும் இரண்டு தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார்.

“ஒரு வாரம் நான் பாத்துக்குறேன் மாப்ள, நீ என் கம்பிய போடுன்னேன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிறோம். மூஞ்சிக்கு மூடி போட்டுட்டா மாமன் எவன் மச்சினன் எவன்னு யாருக்குத் தெரியும்? அவன் குழாய நான் போட்டு அவன் நம்பர அடிச்சேன். என் கம்பிய அவன் போட்டு என் நம்பர அடிச்சான். கணக்கு சரியா இருக்கணும்ல.”

“அப்புறம்?”

“அவன் கை சரியானதும் மாத்திக்கலாம்னு இருந்தோம்மா.”

கை எப்படிச் சரியாகும்? வேலை தானாக நடக்கும்போது எந்தக் கை தேறும்? ஒரு வாரம் மூன்று வருஷமானது. ஃபோர்மேனுக்குத் தெரியும். இணைப்பு பழுதில்லாமல் வருகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டார். போன வருஷம் கம்பெனி விசாவுக்குச் சிபாரிசு செய்தது மச்சினனைத்தான். பட்டியலில் இரண்டு வருஷமாக ஒரு பழுதும் இல்லாத நம்பர் அவனுடையது. அப்போது செய்முறைத் தேர்வு கிடையாது, பட்டியல் மட்டும் போதும். விசா வந்தது. அவன் மனைவியும் குழந்தையும் வந்திறங்கிய அன்று பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர் டெய்லர். இப்போது தேர்வு வந்துவிட்டதே, இனிப் பட்டியலை யார் கேட்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். இரண்டையும் கேட்பார்கள் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் கையில் கிடைத்தால் இந்த மனுவைக் கொடுத்து நிரப்பச் சொல்வேன். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வக்கீல் அம்மா நெடுநேரம் யோசித்தார். ஒரே வழி, மச்சினன் வந்து உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபோர்மேனுக்குத் தெரிந்தே நடந்தது என்று வாதாடிப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார். மச்சினன் கதி என்ன என்று டெய்லர் கேட்டார். அவனுடைய விசா பெரும்பாலும் ரத்தாகும், குடும்பத்தோடு திரும்ப வேண்டியிருக்கும் என்றார் வக்கீல். அப்படியே சொன்னேன். மெல்லச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

டெய்லர் தன் மனைவியிடம் போனில் பேசினாராம். “என்ன சொன்னாங்க?” என்று வராந்தாவில் கேட்டேன்.

“பாப்பா வந்தாகணும்னா. தம்பிக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னா.”

இரண்டும் எப்படி நடக்கும் என்று இவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு திரிகிறோம். அன்றுதான் அப்படி ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மச்சினன் அடுத்த செவ்வாய் வந்தான். முப்பது வயதிருக்கும். டெய்லரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். மரியாதைக்குக் குறைவில்லை. சுற்றி வளைக்காமல் வக்கீல் அம்மா கேட்டார்: இந்த நம்பரில் உள்ள நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகளைப் போட்டது யார்?

நான் தமிழில் கேட்டேன். அவன் மேசைமேல் இருந்த தன் கைகளைக் கீழே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“நான்தான்.”

“எல்லாமா?”

“எல்லாமே நான்தான். மாமாவுக்கு வயசாயிருச்சு, கண்ணு சரியில்ல. அதான் லேசான வேல பாத்தாரு.”

வக்கீல் அம்மாவிடம் அதையும் அப்படியே சொன்னேன். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. ஆனால் அவன் டெய்லர் பக்கம் திரும்பவே இல்லை, கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பயந்து செத்துக்கொண்டிருக்கிறவனை என்னவென்று அடிப்பது?

வக்கீல் அம்மா டெய்லரிடம் கேட்டார்: இவர் சொல்வது உண்மையா? மறுத்தால் இருவரையும் விசாரிக்கச் சொல்லி எழுத முடியும். ஒப்புக்கொண்டால் மனுவைத் திரும்பப் பெறுவதைத் தவிர வழியில்லை.

டெய்லர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரா, தெரியாது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா. அவன் போட்டதுதான்” என்றார்.

அந்த மூன்று வார்த்தையை நான் அந்த மொழியில் சொன்னேன். இந்த வேலைக்கு வந்த பதினாறு வருஷத்தில் இவ்வளவு அருவருப்போடு ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. வக்கீல் அம்மா நம்பவில்லை, அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் படிவத்தை எடுத்தார். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு கையெழுத்து. சேர்ந்து வருவோர் பட்டியலில் மகளின் பெயருக்கு எதிரே இன்னொன்று. டெய்லர் இரண்டையும் நிதானமாகப் போட்டார்.

வாசலில் மச்சினன், “மாமா” என்று ஆரம்பித்தான்.

“போ மாப்ள, கொழந்தய ஸ்கூல்லேந்து கூட்டணும்ல” என்றார் டெய்லர். அவன் போய்விட்டான்.

நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. மகள். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்திருக்கிறாள். அவர் காதில் வைத்து, “பாப்பா” என்றார். போனை என் கையில் வைத்து, “நீங்களே சொல்லுங்கம்மா” என்றார்.

நான் யாரென்று சொல்லிவிட்டு, மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டோம் என்றேன். இனி உன்னைச் சேர்க்க முடியாது என்றும் சொன்னேன்.

“ஏன் அத்தை? அப்பாவுக்கு வேல சரியா தெரியலன்னு சொல்லிட்டாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. இல்லம்மா, உங்கப்பா கை மாதிரி இங்கே ஒரு கை கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு அவள் குரல் கேட்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். உண்மை தெரிந்தால் அந்தப் பெண் அம்மாவிடம் கேட்பாள், ஏன் பொய் சொன்னாய் என்று அம்மா தம்பியிடம் கேட்பாள். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

“ஆமாம்மா” என்றேன்.

“சரி அத்தை. அப்பாவ ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க. சாப்பிடச் சொல்லுங்க.”

சொன்னேன்.